கைஃபெங்: ஆறு புதைத்த ஊரும் அதன்மேல் எழுந்த ஊரும்

கேள்வி இதுதான்: சீனாவின் பெரிய நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை சொல்ல முடியுமா? பெய்ஜிங்கைப் பற்றியும் ஷீஆனைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கைஃபெங்கை எடுத்துக்கொள்கிறேன்.

சீனாவுக்குச் சுற்றுலா போகிற நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் இறங்குவதே இல்லை. ஆனால் கி.பி. 1100 வாக்கில் உலகத்திலேயே பெரிய நகரம் எது என்று கேட்டால், பல வரலாற்றாசிரியர்கள் இதன் பெயரைத்தான் சொல்வார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். அந்த ஊர் வேறெங்கும் போய்விடவில்லை, அதே இடத்தில்தான் இருக்கிறது, ஏறக்குறைய எட்டு மீட்டர் ஆழத்தில், இன்றைய கைஃபெங்கின் தெருக்களுக்கு நேர் கீழே. அதற்கும் கீழே அதைவிடப் பழைய ஊர்கள் இரண்டு. மேலே வரவர ஜின், மிங், சிங் வம்சங்கள் ஆண்ட காலத்து ஊர்கள். மொத்தம் ஆறு நகரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பது அங்கே தோண்டிய தொல்லியலாளர்களின் கணக்கு.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும். மஞ்சள் ஆறு வடமேற்குச் சீனாவில் மாவு போன்ற பொடிமண் மேடுகளை அறுத்துக்கொண்டு வருகிறது. அந்த மண்தான் ஆற்றுக்கு நிறமும் பெயரும் கொடுத்தது. ஹெனான் மாகாணத்துச் சமவெளிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, தூக்கிவந்த வண்டலைப் படுகையிலேயே இறக்கிவிடுகிறது. படுகை உயரும், வெள்ளம் வழியும், மக்கள் கரையை உயர்த்துவார்கள். அடுத்த சில ஆண்டுகளில் படுகை மறுபடி உயரும், கரையையும் மறுபடி உயர்த்துவார்கள். இப்படியே நூற்றாண்டுகள் ஓடி, இன்று கைஃபெங்குக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவில் ஆற்றின் படுகை நகரத்தின் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. சீனர்கள் இதைத் 'தொங்கும் ஆறு' என்கிறார்கள். நம் ஊரில் உடைப்பெடுத்தால் தண்ணீர் வயலுக்குள் வரும், சில நாளில் வடியும். அங்கே உடைப்பெடுத்தால் தண்ணீரோடு ஆள் உயரத்துக்கு மண்ணும் வந்து இறங்கும், தண்ணீர் வடிந்தாலும் மண் வடியாது.

ஊரின் முதல் பெரிய காலம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. சீனா பல அரசுகளாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெய் அரசின் ஹுய் மன்னர் தலைநகரை இங்கே மாற்றினார். அப்போது ஊரின் பெயர் தாலியாங். ஆறுகளை இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள், ஊர் செழித்தது. தத்துவஞானி மென்சியஸ் அந்த மன்னரைச் சந்தித்து, ஏன் லாபத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மனிதநேயமும் அறமும் போதாதா என்று கேட்டது இந்த ஊரில்தான். கி.மு. 225-இல் சின் அரசின் தளபதி வாங் பென் படையெடுத்து வந்தார். மதிலை உடைக்க அவர் படையைப் பயன்படுத்தவில்லை, கால்வாய் நீரையே ஊருக்குள் திருப்பிவிட்டார். மூன்று மாதம் தண்ணீரில் ஊறி மண்மதில் சரிந்தது, மன்னர் சரணடைந்தார். ஊரை வளர்த்த தண்ணீரே ஊரைக் கொன்ற முதல் முறை அது. இந்தக் கதை அதோடு முடியவில்லை.

அதற்கப்புறம் எண்ணூறு ஆண்டுகள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு சாதாரண மாவட்ட ஊர்தான். 605-இல் சுய் வம்சப் பேரரசர் யாங் மஞ்சள் ஆற்றையும் தெற்கே ஹுவாய் ஆற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார், அது இந்த ஊர் வழியாகப் போயிற்று. இதுதான் பிற்பாடு பியான் கால்வாய் என்று பெயர்பெற்றது. தெற்கின் அரிசி வடக்கே போக வேண்டுமென்றால் இந்த வழிதான். தாங் பேரரசு உடைந்து, பழைய தலைநகரமான சாங்ஆன் சிதைந்துபோனபோது, அரிசி எங்கே வந்து இறங்குகிறதோ அங்கேயே அரசும் வந்து உட்கார்ந்துகொண்டது. 907-இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் அடுத்தடுத்து ஐந்து சின்ன வம்சங்கள். அவற்றில் நான்குக்கு இதுவே தலைநகரம்.

960-இல் நடந்ததுதான் பெரிய திருப்பம். எல்லைக்குப் புறப்பட்ட படை, ஊருக்கு வடக்கே சென்ச்சியாவ் என்ற இடத்தில் இரவு தங்கியது. விடியற்காலையில் வீரர்கள் தங்கள் தளபதி ஜாவ் குவாங்யின் தோளில் மஞ்சள் அங்கியைப் போர்த்தி, நீதான் பேரரசன் என்றார்கள். அவர் படையோடு ஊருக்குத் திரும்பி, கொள்ளையோ படுகொலையோ இல்லாமல் ஆட்சியைப் பிடித்தார். சோங் வம்சம் இப்படித்தான் பிறந்தது.

அவருக்கே இந்த ஊர்மேல் முழு நம்பிக்கை இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சுற்றிலும் மேசை போலச் சமவெளி, ஒரு மலை கிடையாது, ஒரு கணவாய் கிடையாது. வடக்கிலிருந்து குதிரைப்படை வந்தால் குறுக்கே நிற்பது ஆறு ஒன்றுதான், குளிர்காலத்தில் அதுவும் உறைந்துவிடும். 976-இல் அவர் தலைநகரை லுவோயாங்குக்கு மாற்ற நினைத்தார். அவருடைய தம்பி, ஒரு நாட்டின் பாதுகாப்பு ஆள்பவரின் நற்பண்பில் இருக்கிறதே தவிர மலைகளில் இல்லை என்று வாதாடித் தடுத்துவிட்டார். நூறு ஆண்டுக்குள் மக்களின் சக்தி தீர்ந்துவிடும் என்று பேரரசர் வருத்தத்தோடு சொன்னதாக வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. காரணம் எளிதானது. மலை காக்காத ஊரைப் படைதான் காக்க வேண்டும். லட்சக்கணக்கில் படை வைத்தால் அதற்குச் சோறு போட வேண்டும். சோறு கால்வாயில் வரும், ஆகவே கால்வாயை விட்டு நகர முடியாது. ஆண்டுக்கு 60 லட்சம் ஷீ தானியம் பியான் கால்வாயில் வந்து இறங்கியது. ஷீ என்பது அவர்களுடைய முகத்தல் அளவை, கிட்டத்தட்ட நம் மூட்டை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கால்வாய் உருவாக்கிய நகரம் எப்படி இருந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாங் காலத்துச் சாங்ஆனில் ஒவ்வொரு பேட்டைக்கும் சுற்றுச்சுவர் உண்டு, மாலையில் முரசு அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்கப்புறம் தெருவில் நடந்தால் அடி விழும். வியாபாரத்துக்கென்று ஒதுக்கிய சந்தைகளில்தான் கடை. கைஃபெங்கில் இந்த ஏற்பாடு கரைந்துபோயிற்று. 965-இல் இரவுச் சந்தை மூன்றாம் சாமம்வரை, அதாவது நள்ளிரவு வாக்குவரை, நடக்கலாம் என்று உத்தரவு வந்தது (சீனர்கள் இரவை ஐந்து சாமங்களாகப் பிரிப்பார்கள்). பேட்டைச் சுவர்கள் போயின, கடைகள் தெருவைப் பார்த்துத் திறந்தன. நகரம் விழுந்தபின் தெற்கே தப்பிப்போன ஒருவர், 1147-இல், தன் இளமைக்காலத்து ஊரை நினைத்து நினைத்து எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. மூன்றாம் சாமத்தில் அடங்கும் இரவுச் சந்தை ஐந்தாம் சாமத்தில் மறுபடி திறந்துவிடும் என்கிறார் அவர். பெரிய உணவு விடுதிகள் மட்டும் 72. அவற்றில் ஃபான்லோவ் என்பது மூன்று மாடி உயரத்தில் ஐந்து கட்டடங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக அந்தரத்தில் பாலங்கள். எந்தத் தெருவில் எந்தத் தின்பண்டம் கிடைக்கும், கோடைக்காலத்தில் என்ன குளிர்பானம், பனிக்காலத்தில் என்ன வறுவல் என்று அந்த மனிதர் பட்டியலிடுவதைப் படிக்கும்போது, இழந்த ஊரை ஒருவர் நாக்கில் வைத்துக் காப்பாற்ற முயல்கிறார் என்று தோன்றி மனம் கனக்கும்.

நகரத்துக்கு மூன்று மதில்கள். வெளிமதிலின் சுற்றளவு சுமார் 29 கிலோமீட்டர். உயரமான இடங்களில் தீ பார்க்கும் கோபுரங்கள், கீழே வாளி, கயிறு, ஏணியோடு தயாராக வீரர்கள். விறகு போதாமல் மக்கள் நிலக்கரி எரித்துச் சமைத்தார்கள். 1090-களில் சு சோங் என்ற அமைச்சர் தண்ணீரால் ஓடும் வானியல் கடிகாரக் கோபுரம் ஒன்றை இங்கே கட்டி முடித்தார். பன்னிரண்டு மீட்டர் உயரம், உள்ளே சக்கரங்கள் சுற்ற, நேரத்துக்கு நேரம் பொம்மைகள் வெளியே வந்து மணியடிக்கும்.

இந்த ஊரில் ஒரு தச்சர் இருந்தார், யூ ஹாவ். 989-இல் அவர் கட்டிய பதின்மூன்று அடுக்கு மரக்கோபுரம் வடமேற்குப் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்ததாம். கேட்டவர்களிடம், இங்கே மலை கிடையாது, காற்று எப்போதும் வடமேற்கிலிருந்து அடிக்கிறது, நூறு ஆண்டு அடித்தால் கோபுரம் நேராகிவிடும் என்றாராம். எவ்வளவு தூரம் யோசித்துக் கட்டியிருக்கிறார் பாருங்கள். காற்று தன் வேலையை முடிப்பதற்குள் 1044-இல் மின்னல் விழுந்து கோபுரம் எரிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 1049-இல் பளபளக்கும் பழுப்புச் செங்கல்லால் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது. தூரத்திலிருந்து இரும்பு மாதிரி தெரிவதால் இரும்புக் கோபுரம் என்று பெயர். உயரம் சுமார் 55 மீட்டர். இத்தனை வெள்ளத்தையும், நிலநடுக்கத்தையும், 1938-இல் ஜப்பானியப் பீரங்கிகளையும் தாங்கியிருக்கிறது.

சீன நாடகங்களில் வரும் நீதிமான் பாவ் ஜெங் கற்பனைப் பாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1057-இல் இந்த நகரத்தின் ஆட்சியராக இருந்தவர் அவர். பதவியில் இருந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நகரத்துக்குள் ஓடிய ஆற்றின் கரையைப் பெரிய மனிதர்கள் ஆக்கிரமித்துத் தோட்டமும் மண்டபமும் கட்டியதால் வெள்ளம் வடியவில்லை, அவர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார். அந்தக் காலத்து ஆட்சியர்களின் பெயர்களைச் செதுக்கிய கல் ஒன்று கைஃபெங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் பெயர் இருந்த இடம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கிறது. இதோ பாவ் ஜெங், இதோ பாவ் ஜெங் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் விரலால் தொட்டுத் தொட்டே எழுத்து அழிந்துவிட்டது.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. சோழர் தூதுவர்கள் வந்து சேர்ந்த சீனத் தலைநகரம் இதுதான். ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு, நாட்டைவிட்டுக் கிளம்பி 1,150 நாள் கழித்துக் குவாங்ஜோ துறைமுகத்தில் இறங்கியது என்று சோங் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. அங்கிருந்து வடக்கே வந்து 1015-இல் பேரரசர் ஜென்சோங் முன்னால் நின்றார்கள். காணிக்கையில் முத்தும் யானைத் தந்தமும் சாம்பிராணியும் இருந்தன. முத்து மட்டும் 21,100 லியாங், லியாங் என்பது சீன எடை. அவர்கள் அரசவைக்குள் நுழைந்தபோது, அனுப்பிய ராஜராஜன் உயிரோடு இல்லை. 1033-இல் ராஜேந்திரன் காலத்திலும், 1077-இல் குலோத்துங்கன் காலத்திலும் மறுபடி தூதுவர்கள் வந்தார்கள். கடைசியாக வந்தவர்களுக்குப் பதில் மரியாதையாகக் கயிற்றில் கோத்த செப்புக்காசு 81,800 கோவைகள் கொடுத்தனுப்பினார்கள். இவ்வளவு காசு கைமாறியதைப் பார்த்தால் இது மரியாதைச் சந்திப்பு மட்டும் இல்லை, வியாபாரமும் சேர்ந்ததுதான்.

அப்புறம் வீழ்ச்சி. பேரரசர் ஹுய்சோங் நல்ல ஓவியர், நல்ல எழுத்துக்கலைஞர், ஆட்சியில் மட்டும் கவனம் இல்லை. தலைநகரில் செயற்கை மலையும் தோட்டமும் அமைக்க, தெற்கிலிருந்து விதவிதமான பாறைகளைக் கால்வாய் வழியே கொண்டுவரச் செய்தார். பெரிய பாறை போக வேண்டும் என்பதற்காகப் பாலங்களை இடித்தார்கள். அரிசி வர வேண்டிய வழியில் பாறை வந்தது. 1126-இல் வடக்கிலிருந்து ஜுர்சன் இனத்தாரின் ஜின் படை முற்றுகையிட்டது. முதல் தடவை பெரும் பணம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டுக் கடைசியில் மறுபடி வந்தார்கள். உள்ளே அந்தத் தோட்டத்து மரங்கள் விறகாயின, மான்கள் உணவாயின, அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த பாறைகள் கவண்பொறிக் கல்லாயின. நிலைமை கைமீறிப் போனபோது, மந்திரப்படை வைத்திருப்பதாகச் சொன்ன குவோ ஜிங் என்பவனை நம்பிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவன் ஓடிவிட்டான். 1127 ஜனவரியில் நகரம் விழுந்தது. ஹுய்சோங்கையும் அவர் மகனையும், அரச குடும்பத்தையும், கைவினைஞர்களையும், ஆயிரக்கணக்கில் வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள். சு சோங்கின் கடிகாரத்தையும் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் ஊரின் தலையெழுத்தை மாற்றியது. 1128-இல் ஜின் படை மேலும் தெற்கே வராமல் தடுக்க, சோங் அதிகாரி து சோங் மஞ்சள் ஆற்றின் கரையை வெட்டிவிட்டார். படை நிற்கவில்லை, ஆறுதான் திசைமாறியது. அதுவரை வடகிழக்கே ஓடிய ஆறு தென்கிழக்கே திரும்பி ஹுவாய் ஆற்றுக்குள் பாயத் தொடங்கியது, ஏழு நூற்றாண்டுக்கு மேல் 1855 வரை அந்தப் பக்கமே புரண்டுகொண்டிருந்தது. முன்பு தூரத்தில் இருந்த ஆறு இப்போது கைஃபெங்கின் வாசலுக்கு வந்துவிட்டது. பியான் கால்வாய் தூர்ந்து மறைந்தது. ஒரு மனிதர் ஒரு போருக்காக எடுத்த முடிவு எழுநூறு ஆண்டு மக்கள்மேல் விழுந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு ஜின்காரர்களே மங்கோலியருக்குப் பயந்து 1214-இல் இங்கே தலைநகரை மாற்றிக்கொண்டு வந்தார்கள். 1232-இல் மங்கோலியர் முற்றுகையிட்டபோது வெடிகுண்டுகளும் நெருப்பு ஈட்டிகளும் கொண்டு மதிலைக் காத்தார்கள். ஆனால் உள்ளே கொள்ளைநோய் பரவியது. ஐம்பது நாளில் ஒன்பது லட்சத்துக்கு மேல் சவப்பெட்டிகள் வாசல்களைக் கடந்தன என்கிறது ஜின் வரலாறு. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், அழிவு மிகை இல்லை. மறு ஆண்டு நகரம் விழுந்தது.

இதற்கு நடுவில் சின்னதாக ஒரு வியப்பு: இங்கே ஒரு யூதச் சமூகம் பல நூற்றாண்டு வாழ்ந்தது. 1163-இல் தொழுகைக்கூடம் கட்டினார்கள், வெள்ளம் இடித்தபோதெல்லாம் திரும்பக் கட்டினார்கள். 1489-ஆம் ஆண்டு அவர்கள் நட்ட கல்வெட்டு, தங்கள் முன்னோர் இந்தியாவைக் குறிக்கும் தியான்ஜு என்ற நாட்டிலிருந்து துணியோடு வந்ததாகச் சொல்கிறது.

மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1368-இல் இதை வடக்குத் தலைநகரம் என்று அறிவித்தார். சீன மொழியில் வடக்குத் தலைநகரம் என்றால் பெய்ஜிங், ஆகவே பத்தாண்டு காலம் பெய்ஜிங் என்ற பெயர் இந்த ஊருக்கு இருந்தது! பிறகு ஜு சு என்ற தன் ஐந்தாம் மகனை இங்கே சிற்றரசராக வைத்தார். அந்த இளவரசர் செய்த வேலை பெரிது. பஞ்சத்தில் மக்கள் எதைத் தின்று உயிர் பிழைக்கலாம் என்று பார்க்க, காட்டுச் செடிகளைத் தன் தோட்டத்தில் வளர்த்து ஆராய்ந்து, 414 செடிகளைப் படத்தோடு 1406-இல் நூலாக்கினார். மஞ்சள் ஆற்றின் கரையில் இருக்கிற ஊரில் அப்படி ஒரு நூல் பிறந்ததில் வியப்பில்லை.

1642, எல்லாவற்றிலும் கொடுமையான ஆண்டு. கிளர்ச்சித் தலைவர் லி ஜிசெங் மூன்றாவது முறையாக ஊரை முற்றுகையிட்டார். பல மாதப் பட்டினி, மனிதர்கள் மனிதர்களைத் தின்றதாகவே குறிப்புகள் இருக்கின்றன. இலையுதிர்காலத்தில் கரை உடைந்தது. வெட்டியது கிளர்ச்சிக்காரர்களா, மிங் அதிகாரிகளா என்ற வாதம் அன்றிலிருந்து நடக்கிறது. இரு தரப்பும் வெட்டினார்கள் என்பவர்களும் உண்டு. சுமார் 3,70,000 பேர் இருந்த நகரத்தில் மிஞ்சியவர்கள் சில பத்தாயிரங்களே. சிற்றரசர் அரண்மனை வண்டலுக்குள் போயிற்று. இருபது ஆண்டு ஊரே இல்லை. 1662-இல் சிங் அரசு பழைய மதிலின் கோட்டிலேயே மறுபடி கட்டியது.

1841-இல் இன்னொரு உடைப்பு. எட்டு மாதம் ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அபின் ஒழிப்புக்காகத் தண்டிக்கப்பட்டு எல்லைக்கு நாடுகடத்தப்பட்டுப் போய்க்கொண்டிருந்த லின் ஜெசூ என்ற அதிகாரியை வழியில் நிறுத்திக் கரையை அடைக்க அழைத்தார்கள். மாதக்கணக்கில் நின்று வேலை பார்த்தார். அடைத்து முடிந்ததும் மன்னிப்பு வரும் என்று எல்லோரும் எதிர்பார்க்க, பயணத்தைத் தொடரச் சொல்லித்தான் உத்தரவு வந்தது. இன்று நாம் பார்க்கும் 14.4 கிலோமீட்டர் மதில் அந்த வெள்ளத்துக்குப் பிறகு 1842-இல் கட்டியது.

நவீன காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1900-இல் வெளிநாட்டாருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கலவரத்தில் பெய்ஜிங் தேர்வுக்கூடம் எரிந்ததால், அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் 1,300 ஆண்டு மரபுள்ள பேரரசுத் தேர்வின் கடைசித் தலைநகரத் தேர்வுகள் 1903-லும் 1904-லும் கைஃபெங்கில் நடந்தன. அந்த இடத்தில்தான் ஹெனான் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையும் ஆற்றுப்பாலமும் மேற்கே ஜெங்ஜோவுக்குப் போய்விட்டன, கைஃபெங்குக்கு வரவில்லை. ரயில் போன பக்கம் பணம் போயிற்று, 1954-இல் மாகாணத் தலைநகரமும் ஜெங்ஜோவுக்கே போயிற்று. ஒரு காலத்தில் கால்வாயால் உயர்ந்த ஊர், இன்னொரு வழி திறந்ததும் ஓரத்துக்குப் போனது. ஆனால் அந்த ஓரம்தான் பழைய தெருக்களைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். 2024 நவம்பரில் ஜெங்ஜோ மாணவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில் இரவில் வாடகை சைக்கிளில் ஐம்பது கிலோமீட்டர் மிதித்து இந்த ஊருக்கு வந்தது செய்தியானது. எதற்கு? சூப் ததும்பும் கொழுக்கட்டை தின்ன. சோங் காலத்து இரவுச் சந்தையை எழுதிவைத்த அந்த மனிதர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

சரி, அடியில் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1981-இல் நகரத்தின் வடபகுதி ஏரியைத் தூர்வாரியபோது மிங் சிற்றரசர் அரண்மனையின் இடிபாடு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே சோங் அரண்மனை. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, மதிலின்மேல் மதில், தெருவின்மேல் தெரு என்று அடுக்கியிருப்பது தெரிந்தது. சோங் பேரரசர்களின் ராஜவீதி ஓடிய கோட்டின்மேல்தான் இன்றைய ஜோங்ஷான் சாலை ஓடுகிறது. ஊரே புதைந்த பிறகும், பிழைத்தவர்கள் திரும்பி வந்து அதே கோட்டில் வீடு கட்டினார்கள், அதுவும் ஒரு முறை அல்ல.

அந்தச் சாலையின் கீழேதான் ஜோவ் பாலம் இருந்தது, பியான் கால்வாயும் ராஜவீதியும் வெட்டிக்கொள்ளும் இடம், இரவுச் சந்தையின் நடுப்புள்ளி. 1984-இலேயே பாலம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, ஆனால் கைஃபெங்கில் சில மீட்டர் தோண்டினாலே ஊற்றுநீர் வந்துவிடும் என்பதால் முழுதாகத் தோண்ட முடியவில்லை. 2018-இல் வேலையை மறுபடி தொடங்கி, தண்ணீரை இறைத்துக்கொண்டே இறங்கினார்கள். 2022-இல் பாலத்தை ஒட்டிய கால்வாயின் கரைச்சுவர்கள் முழுதாக வெளிப்பட்டன. சோங் காலத்துக் கல்லில் அலை, மேகம், நடுவில் கடற்குதிரைகள், மேலே பறக்கும் நாரைகள். அரிசிப் படகிலிருந்து பார்ப்பவர்களுக்காகச் செதுக்கியவை அவை. சேறு மூடியிருந்ததால் உளிபட்ட தடம்கூட அழியாமல் இருந்தது.